நம் ஊருக்கு ஆலை வருகிறது: அரசு போட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2020 டிசம்பரில் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கம் ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலை வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. முதலீடு ₹2,400 கோடி, வேலை 10,000 பேருக்கு என்றார்கள். 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் டாடா எலக்ட்ரானிக்ஸ் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ₹12,082 கோடி போடும், 40,500 பேருக்கு வேலை தரும் என்றார்கள். 2025 செப்டம்பரில் ஓசூரிலேயே ஒரு முதலீட்டாளர் மாநாடு நடந்து, இன்னும் பல ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. இந்தக் கோடிக் கணக்கும் வேலைக் கணக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் மனப்பாடம்.

இதற்கு ஈடாக அரசு என்ன கொடுத்தது என்று அதே டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். நிலம் ஏக்கர் என்ன விலைக்குப் போனது? முத்திரைத் தீர்வை எவ்வளவு தள்ளுபடி? மின்சார வரி எத்தனை ஆண்டுக்குக் கிடையாது? மாநில ஜிஎஸ்டி திருப்பித் தரப்படுகிறதா? தினமும் எத்தனை லட்சம் லிட்டர் தண்ணீர்? சொன்ன வேலை வராவிட்டால் கொடுத்த சலுகையைத் திரும்ப வாங்க முடியுமா? யாருக்கும் தெரியாது. பஞ்சாயத்துத் தலைவருக்குத் தெரியாது. பல நேரம் எம்எல்ஏவுக்கும் தெரியாது.

ஆலையே வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எழுபதுகளில் சிப்காட் (தொழிற்பூங்கா அமைக்கும் அரசு நிறுவனம்) வந்திராவிட்டால் இன்றைய ஓசூர் இல்லை. தர்மபுரிப் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போவது குறைய வேண்டுமானால், அதியமான்கோட்டை, தடங்கம் பக்கம் அமையும் சிப்காட் நன்றாக நடக்க வேண்டும். ஆனால் கொடுக்கப்படுவது நம் நிலம், நம் தண்ணீர், நம் வரி. என்ன கொடுத்தோம் என்று கேட்கும் உரிமையை யாரும் நமக்குப் புதிதாகத் தர வேண்டியதில்லை, அது சட்டத்திலேயே இருக்கிறது. அதை எந்த அலுவலகத்தில், எந்தப் பிரிவைச் சொல்லி, எப்படிக் கேட்பது என்பதுதான் கீழே இருப்பது.

முதலில்: எதுவரை ரகசியம் நியாயம்

பேச்சுவார்த்தை நடக்கும்போது கொஞ்சம் மறைப்பு தேவைதான். ஆந்திராவும் கர்நாடகாவும் அதே நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருக்கும்போது நம் மாநிலம் எவ்வளவு தரத் தயார் என்று வெளியே சொல்ல முடியாது. நிறுவனத்தின் தொழில்நுட்ப வரைபடங்கள், வாடிக்கையாளர் பட்டியல் போன்றவை எப்போதும் அவர்களுடையவை. அதில் நமக்கு வேலையில்லை.

கையெழுத்து ஆன பிறகு நிலைமை வேறு. அப்போது போட்டி முடிந்துவிட்டது, அரசு தன் பணத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டது. அதன் பிறகும் மறைப்பதால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். அறிவிப்பு வருவதற்கு முன்பே நிலத் தரகர்களின் கார்கள் ஊருக்குள் சுற்ற ஆரம்பிப்பதை இந்தப் பக்கத்தில் பார்க்காத ஊர் குறைவு. மாந்தோப்பு வைத்திருப்பவருக்குத் தெரியாத விஷயம் எங்கோ இருக்கும் தரகருக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் ரகசியம் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை.

மறைப்பு இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலைக்கு 2005-ல் ஒப்பந்தம் போடப்பட்டது, 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. அரசு என்னென்ன வரிச் சலுகை கொடுத்தது என்பது தகவல் உரிமை மனு மூலம் ஒப்பந்த நகல் வெளியே வந்த பிறகுதான் விரிவாகப் பேசப்பட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2017-ல் ஃபாக்ஸ்கான் நிறுவனத்துக்கு கிட்டத்தட்ட 300 கோடி டாலர் சலுகை தர ஒப்புக்கொண்டது, நிறுவனம் 13,000 வேலை என்றது. அந்த ஒப்பந்தம் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியே இருந்தது. வேலையைக் காட்டினால்தான் பணம் என்று அதில் எழுதியிருந்தது. வேலை வரவில்லை. 2021-ல் மறுபடி பேசி, 1,454 வேலைக்கு 8 கோடி டாலர் என்று சுருக்கினார்கள். ஏமாற்றம் அங்கும் இருந்தது, ஆனால் எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு தப்பியது என்று அந்த மக்களுக்குக் கணக்குத் தெரியும்.

நம் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரியும் உண்டு. ஓசூர் டைட்டன், டிட்கோவும் (மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனம்) டாடாவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய நிறுவனம். அதில் டிட்கோவின் பங்கு 27.88 சதவீதம் என்பது பங்குச் சந்தையில் காலாண்டுக்கு ஒரு முறை வெளியாகிறது. அரசு போட்டது என்ன, அதன் இன்றைய மதிப்பு என்ன என்று எவரும் கணக்குப் போடலாம். அதனால் டைட்டனின் வியாபாரம் கெட்டுப்போகவில்லை.

படி 1: எந்தத் தாளைத் தேடுகிறோம் என்று தெளிவாகுங்கள்

பெரும்பாலோர் புரிந்துணர்வு ஒப்பந்தத்தை மட்டும் கேட்டு மனு போடுகிறார்கள். அது பெரும்பாலும் நாலைந்து பக்கத் தாள். "அரசு தன் கொள்கைப்படி உதவும், நிறுவனம் முதலீடு செய்ய முயலும்" என்ற அளவில் நின்றுவிடும். சதை வேறு தாள்களில் இருக்கிறது.

சலுகைகள் முழுதாக இருப்பது தொழில் துறை வெளியிடும் அரசாணையில். சலுகைத் தொகுப்பு என்பார்கள். மூலதன மானியமா, மாநில ஜிஎஸ்டி திருப்பமா, எத்தனை ஆண்டுக்கு, என்ன நிபந்தனைக்கு என்பது அங்கேதான். நிலத்தின் கதை சிப்காட் அல்லது டிட்கோ கொடுக்கும் ஒதுக்கீட்டு ஆணையிலும், அதன் பிறகு பதிவாகும் குத்தகைப் பத்திரத்திலும் இருக்கும். சிப்காட் பொதுவாக 99 ஆண்டுக் குத்தகைக்குத் தருகிறது. தண்ணீர், கழிவு, மின்சாரக் கணக்கு சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணையிலும் இருக்கும். சலுகைப் பணம் உண்மையில் எவ்வளவு போயிற்று என்பது சிப்காட்டின் கணக்கில்.

ஆக ஒரே ரகசியம் ஐந்து அலுவலகங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு அலுவலகம் கதவைச் சாத்தினாலும் இன்னொன்றில் திறந்த தாள் இருக்கும்.

படி 2: மனு போடுவதற்கு முன், ஏற்கெனவே வெளியே இருப்பதை எடுங்கள்

சம்பளம் வாங்கும் எந்த அதிகாரியையும் கேட்காமல் கிடைப்பது நிறைய இருக்கிறது. இதில் நேரம் செலவழித்தவர்கள் பின்னால் போடும் மனு கூர்மையாக இருக்கிறது.

ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்திலிருந்து தொடங்குங்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டடம் கட்டும் எந்த ஆலைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பம் அப்படியே அங்கே ஏற்றப்பட்டிருக்கும். சர்வே எண்கள், மின் தேவை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, எல்லாம் இருக்கும்.

அதில் தண்ணீர்க் கணக்கு அட்டவணையை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். தொழிலாளர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் என்று பெருக்கித்தான் தேவை கணக்கிடப்படும். ஆலைகளுக்குத் தேசியக் கட்டட விதி சொல்லும் அளவு பொதுவாக 45 லிட்டர். ஆகவே அந்த அட்டவணையில் எத்தனை பேர் வேலை செய்வார்கள் என்று நிறுவனமே எழுதியிருக்கும். உதாரணமாக, வீட்டு உபயோகத் தண்ணீர் நாளொன்றுக்கு 180 கிலோலிட்டர், தலைக்கு 45 லிட்டர் என்று இருந்தால், 4,000 பேர். மேடையில் 10,000 என்று சொல்லியிருந்தால், மீதி 6,000 எந்தக் கட்டத்தில், எந்த ஆண்டில் என்று கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. குழாயும் கழிவுநீர்த் தொட்டியும் கட்ட வேண்டியிருப்பதால் இந்த எண்ணை ஊதிப் பெரிதாக்க நிறுவனத்துக்குக் காரணம் இல்லை. மேடை எண்ணைவிட நான் இதைத்தான் அதிகம் நம்புகிறேன்.

அங்கே கிடைத்த சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு பதிவுத்துறையின் இணையதளத்துக்குப் போங்கள். வில்லங்கம் பார்ப்பதற்குப் பணம் வேண்டாம். குத்தகைப் பத்திரம் பதிவாகியிருந்தால் ஆவண எண் தெரியும். அந்த எண்ணைச் சொல்லி சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேளுங்கள். "நீங்கள் யார், உங்களுக்கும் இந்த நிலத்துக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டால், 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டம் பிரிவு 57-ஐச் சொல்லுங்கள். அசையாச் சொத்து ஆவணங்கள் பதியப்படும் 1-ஆம் புத்தகம் எவரும் பார்க்கக்கூடியது, எவரும் நகல் பெறக்கூடியது. நகல் கையில் வந்ததும் ஏக்கருக்கு என்ன தொகை என்று பார்த்து, அந்தத் தொழிற்பூங்காவுக்கு சிப்காட் வெளியிட்டிருக்கும் மனை விலையோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரசு கொடுத்த மானியம். வரவு செலவுத் திட்டத்தில் அந்த வித்தியாசம் நிறுவனத்தின் பெயரோடு தெரியாது.

முத்திரைத் தீர்வையை அரசு ஒரு நிறுவனத்துக்குத் தள்ளுபடி செய்ய வேண்டுமானால், இந்திய முத்திரைச் சட்டம் பிரிவு 9-இன் கீழ் அரசிதழில் ஆணை வெளியிட வேண்டும். எனவே தமிழ்நாடு அரசிதழை நிறுவனத்தின் பெயர் போட்டுத் தேடுங்கள். ஆலை நடத்துவது தாய் நிறுவனமாக இல்லாமல் புதிதாகப் பதிந்த துணை நிறுவனமாக இருக்கும். அதன் சரியான பெயரைப் பரிவேஷ் விண்ணப்பத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தேடல் வெறும் கையோடு திரும்பும்.

அடுத்தது நிறுவனத்தின் சொந்தக் கணக்கு. அரசு நம்மிடம் சொல்லாததை, நிறுவனம் தன் பங்குதாரர்களிடம் சொல்லியாக வேண்டும். இந்தியக் கணக்கியல் தரம் 20-இன்படி அரசு மானியங்களை ஆண்டறிக்கையின் குறிப்புகளில் காட்ட வேண்டும். "அரசு மானியம்", "ஊக்கத்தொகை வரவேண்டியது" என்ற வரிகளைத் தேடுங்கள். பங்கு வெளியீட்டுக்குப் போன நிறுவனமானால் அதன் முன்வெளியீட்டு ஆவணம் இன்னும் பெரிய புதையல். ஓலா எலக்ட்ரிக் 2024 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்தது. அதற்காக அது தாக்கல் செய்த ஆவணத்தில் தமிழ்நாடு அரசிடமிருந்து கிடைக்கும் சலுகைகளைப் பற்றி, அவை கிடைக்காவிட்டால் வரும் இடர் என்ற தலைப்பில் பேசியாக வேண்டியிருந்தது. மும்பை முதலீட்டாளர் படிக்கக் கிடைப்பது போச்சம்பள்ளி விவசாயிக்கு மட்டும் ரகசியம் என்பதை எந்த மேல்முறையீட்டு அலுவலரும் சுலபமாக நியாயப்படுத்த முடியாது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், படி 5-ல் பயன்படும். பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனமானால், கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் ₹100 கட்டி அதன் ஆண்டுக் கணக்கைப் பார்க்கலாம்.

கடைசியாக வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தளத்தில் நிறுவனத் தேடல் பகுதி. எந்த மாதம் எத்தனை பேருக்குப் பணம் கட்டப்பட்டது என்று அங்கே பார்க்கலாம். ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒப்பந்ததாரரின் பெயரில் இருப்பார்கள் என்பதை மறக்காதீர்கள்.

படி 3: நிலம் எடுப்பு நோட்டீஸ் வந்திருந்தால், மற்றதை நிறுத்திவிட்டு இதைக் கவனியுங்கள்

சூளகிரி வட்டாரத்தில் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊர்க்காரர்கள் சிப்காட் நில எடுப்பை எதிர்த்துப் போராடியதை எல்லோரும் பார்த்தோம். அங்கே அடிக்கடி கேட்ட கேள்வி: "2013 சட்டத்தில் எங்கள் சம்மதம் வேண்டும், சமூகத் தாக்க மதிப்பீடு வேண்டும் என்று இருக்கிறதே?"

ஒன்றிய அரசின் 2013 சட்டத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது 1997-ஆம் ஆண்டு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டத்துக்குச் சம்மதமும் தாக்க மதிப்பீடும் பொருந்தாதபடி மாநிலம் 2013 சட்டத்தில் 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் இதைச் செல்லாது என்றது. அரசு அதே ஆண்டு புதுச் சட்டம் கொண்டுவந்தது, உச்ச நீதிமன்றம் 2021-ல் அதை ஏற்றது. இழப்பீடும் மறுவாழ்வும் 2013 சட்டத்தின் அட்டவணைப்படி கிடைக்கும். முன்கூட்டியே கேட்கப்படும் உரிமைதான் போய்விட்டது. என் மனதுக்கு இது இன்னும் ஒப்பவில்லை, ஆனால் இன்று சட்டம் இதுதான்.

அதனால் 1997 சட்டத்தின் பிரிவு 3(2)-இன் கீழ் வரும் நோட்டீஸ்தான் உங்கள் கையிலிருக்கும் ஒரே கதவு. "ஏன் எடுக்கக் கூடாது" என்று காரணம் கேட்டு வரும் அந்த நோட்டீஸுக்கு, அதில் போட்டிருக்கும் நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பதிலிலேயே ஆவணங்களையும் கேளுங்கள்: எந்தத் திட்டத்துக்கு, எந்த நிறுவனத்துக்கு, எத்தனை ஏக்கர் தேவை என்று யார் கணக்கிட்டார், ஏற்கெனவே எடுத்த சிப்காட் நிலத்தில் எவ்வளவு காலியாகக் கிடக்கிறது. தனி தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பெரியவர்கள் பலர் தெலுங்கோ கன்னடமோதான் படிப்பார்கள். தமிழ் நோட்டீஸில் விவரம் புரியாமலே கையெழுத்துப் போட்டுவிடுவதுண்டு. படித்தவர்கள் வீடு வீடாகப் போய் வாசித்துச் சொல்லுங்கள்.

நிலத்துக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தால் இன்னொரு சட்டத்தையும் பாருங்கள்: 2023-இன் தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்குள் வரும் நீர்நிலைகளைப் பற்றியது. கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டு (சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு) நகலையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

தொழிற்பூங்காவுக்கே சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்பட்டு, அதற்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால், தவறாமல் போங்கள். 2006 அறிவிக்கையின்படி, அனுமதி பெற்ற தொழிற்பூங்காவுக்குள் பின்னால் வரும் ஆலைகளுக்குத் தனியாகக் கருத்துக்கேட்பு கிடையாது. கட்டடப் பிரிவில் அனுமதி வாங்கும் ஆலைகளுக்கும் கிடையாது. பூங்காவுக்கான கூட்டத்தில் பேசாமல் விட்டால் பிறகு மேடை இல்லை. கூட்டத்துக்கு 30 நாள் முன்பு நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும், தமிழ்ச் சுருக்கம் கலெக்டர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் இருக்க வேண்டும், நடப்பு முழுதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். அனுமதி வந்த பிறகு எதிர்க்க வேண்டுமானால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள்.

படி 4: தகவல் உரிமை மனு

₹10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகையுடன் தபாலில் அனுப்பலாம். தமிழ்நாடு அரசின் ஆர்டிஐ இணையதளத்திலும் போடலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 6(2) அப்படித்தான் சொல்கிறது. தலைமைச் செயலகத் தொழில் துறை, சிப்காட், நிலம் டிட்கோ மூலம் போயிருந்தால் டிட்கோ, முதலீட்டை அழைத்து வரும் கைடன்ஸ் நிறுவனம் என்று தனித்தனியாக அனுப்புங்கள். தவறான இடத்துக்குப் போனால் 5 நாளில் சரியான இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 6(3) சொன்னாலும், மாற்றிக்கொண்டே இருப்பதில் மாதங்கள் போய்விடும்.

"ஏன் கொடுத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை இல்லை என்று திருப்பிவிடுவார்கள். தாளைக் கேளுங்கள். நான் பரிந்துரைக்கும் வாசகம் இது, நிறுவனப் பெயரையும் ஊரையும் மாற்றிக்கொள்ளுங்கள்:

"கிருஷ்ணகிரி மாவட்டம் ……… ஊரில் ……… நிறுவனம் அமைக்கும் ஆலை தொடர்பாகக் கீழ்க்கண்டவற்றின் சான்றிட்ட நகல்களை வழங்குக:

அ) அரசுடன் செய்த புரிந்துணர்வு ஒப்பந்தம், இணைப்புகள், பின்னர் செய்த திருத்தங்கள்.

ஆ) சலுகைத் தொகுப்பு அனுமதித்து வெளியிட்ட அரசாணைகள் அனைத்தும்.

இ) நில ஒதுக்கீட்டு ஆணை, குத்தகைப் பத்திரம், ஒதுக்கீட்டு நாளில் அந்தப் பூங்காவுக்கு நடப்பிலிருந்த மனை விலை ஆணை.

ஈ) நிதியாண்டு வாரியாக, தலைப்பு வாரியாக இன்று வரை அனுமதித்த, வழங்கிய ஊக்கத்தொகை.

உ) வேலைவாய்ப்பு, முதலீடு பற்றி நிறுவனம் தந்த சான்றுகள், அவற்றைச் சரிபார்த்த ஆய்வறிக்கைகள்.

ஊ) நிபந்தனை நிறைவேறாவிட்டால் சலுகையைக் குறைக்க அல்லது திரும்பப் பெற வகைசெய்யும் பிரிவுகள், அதன்படி அனுப்பிய நோட்டீஸ்கள் இருந்தால் அவை.

எ) தண்ணீர் வழங்க ஒப்புக்கொண்ட அளவைக் காட்டும் ஆணை.

மேற்படி கோப்பின் குறிப்புக் கோப்பையும் நடப்புக் கோப்பையும் பிரிவு 2(ஜே)-இன் கீழ் நேரில் பார்வையிட நாள் குறித்துத் தருக. எந்தப் பகுதியாவது விலக்குக்கு உட்பட்டது என்று கருதினால், பிரிவு 10-இன்படி அதை மட்டும் நீக்கி மீதியை வழங்குக."

ஊக்கத்தொகைக் கேள்வியை வணிக வரித் துறைக்கு அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 158-இன் கீழ் வரி செலுத்துபவரின் விவரம் ரகசியம் என்று உடனே மறுப்பார்கள். அதையே சிப்காட்டிடம், அரசு கொடுத்த செலவாகக் கேளுங்கள். அது நிறுவனத்தின் வரி விவரம் இல்லை, கருவூலத்திலிருந்து போன பணம்.

ஒரே ஆள் எல்லா மனுவையும் போடுவதைவிட, வெவ்வேறு ஊரைச் சேர்ந்த நாலு பேர் தனித்தனியாகப் போடுவது நல்லது. யார் மீதும் தனியாக அழுத்தம் விழாது.

படி 5: "வணிக ரகசியம்" என்ற பதில் வரும்போது

30 நாளில் பதில் வர வேண்டும். பெரும்பாலும் வருவது ஒற்றை வரி: "தாங்கள் கோரிய தகவல் பிரிவு 8(1)(டி)-இன் கீழ் விலக்களிக்கப்பட்டுள்ளதால் வழங்க இயலாது." நிறையப் பேர் இதோடு விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள், வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தப் பிரிவை முழுதாகப் படியுங்கள். வெளியிட்டால் மூன்றாம் தரப்பின் போட்டி நிலைக்குப் பாதிப்பு வரும் என்றால்தான் விலக்கு, அப்போதும் பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம் என்கிறது. எப்படிப் பாதிக்கும் என்று அலுவலர் சொல்லியாக வேண்டும். மறுப்பதற்கான காரணத்தை எழுத வேண்டும் என்று பிரிவு 7(8) கட்டாயப்படுத்துகிறது. பிரிவு எண்ணைக் குறிப்பிடுவது காரணம் ஆகாது.

அடுத்து, "நிறுவனம் ஆட்சேபிக்கிறது" என்பார்கள். பிரிவு 11-இன்படி 5 நாளுக்குள் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பி, அது 10 நாளில் கருத்துச் சொல்லலாம். கருத்துச் சொல்லத்தான் உரிமை, தடுக்க உரிமை இல்லை. முடிவு அலுவலருடையது. மேலும் பிரிவு 11, நிறுவனத்தைப் பற்றியதோ நிறுவனம் தந்ததோ ஆன, அது ரகசியமாகக் கருதும் தகவலுக்குத்தான். அரசு தானாகக் கொடுத்த சலுகை நிறுவனத்தின் ரகசியம் ஆகாது என்று வாதிடுங்கள்.

"ஒப்பந்தத்திலேயே ரகசியக் காப்பு ஷரத்து இருக்கிறது" என்று வந்தால், பிரிவு 22. வேறு எந்தச் சட்டத்தின் கீழ் வந்த ஆவணத்தில் முரணாக என்ன எழுதியிருந்தாலும் தகவல் உரிமைச் சட்டமே மேலோங்கும். ஒரு அதிகாரியும் ஒரு கம்பெனியும் கையெழுத்துப் போட்டு நாடாளுமன்றச் சட்டத்தை ரத்து செய்ய முடியாது. "நம்பிக்கையின் அடிப்படையில் பெற்ற தகவல்" என்று 8(1)(e)-யைக் காட்டினால், ரிசர்வ் வங்கி எதிர் ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கின் 2015 தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். வங்கிகளிடமிருந்து பெற்ற ஆய்வுத் தகவலுக்கே அந்தச் சாக்கு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. "அமைச்சரவைக் கோப்பு" என்றால், 8(1)(i)-யின் காப்புரையைப் பாருங்கள்: முடிவு எடுத்து விஷயம் முடிந்த பிறகு, முடிவும் காரணமும் அடிப்படை ஆவணங்களும் வெளியிடப்பட வேண்டும்.

30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், கட்டணம் இல்லை. இப்படித் தொடங்கலாம்:

"பொதுத் தகவல் அலுவலர் பிரிவு எண்ணை மட்டும் குறிப்பிட்டு மறுத்துள்ளார். எந்த நிறுவனத்தின் போட்டி நிலை எவ்வாறு பாதிக்கப்படும் என்று கூறவில்லை. நான் கோருவது நிறுவனத்தின் தொழில்நுட்பமோ விலையோ அல்ல, பொதுப்பணத்திலிருந்தும் பொதுநிலத்திலிருந்தும் அரசு வழங்கியது. இதன் ஒரு பகுதியை நிறுவனமே தன் பங்குதாரர்களுக்கு வெளியிட்டுள்ளது. அந்தப் பக்கத்தின் நகல் இணைப்பு. பிரிவு 8(2)-இன்படி பொதுநலன் மேலோங்குகிறது."

45 நாளுக்குள் முடிவு வராவிட்டாலும், வந்தது சரியில்லாவிட்டாலும், 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. அங்கே மறுப்பு சரி என்று நிரூபிக்க வேண்டிய சுமை, பிரிவு 19(5)-இன்படி, அலுவலர் மீதுதான். தகுந்த காரணமின்றித் தாமதித்தால் நாளுக்கு ₹250, மொத்தம் ₹25,000 வரை தண்டம் உண்டு. விசாரணைக்கு அழைப்பு வர நெடுநாள் ஆகும், அந்தக் காத்திருப்பை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் படி 2-ஐ அத்தனை விரிவாகச் சொன்னேன்.

படி 6: கோப்பைப் பார்க்கப் போகும்போது

பார்வையிட அனுமதி வந்தால் போகாமல் விடாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நகல் பக்கத்துக்கு ₹2. இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் படிக்க, ஒருவர் எழுத.

குறிப்புக் கோப்பிலிருந்து (அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகள்) ஆரம்பியுங்கள். இறுதி அரசாணையில் எல்லாம் மழுப்பலாக இருக்கும். குறிப்புக் கோப்பில்தான் நிதித் துறை என்ன ஆட்சேபம் எழுப்பியது, அது எப்படிக் கடக்கப்பட்டது, முதலில் நிறுவனம் கேட்டது எவ்வளவு, கடைசியில் கொடுத்தது எவ்வளவு என்று தேதியோடு இருக்கும். பக்க எண்கள் வரிசையாக இருக்கிறதா பாருங்கள். நடுவில் எண் விட்டிருந்தால் எந்தெந்த எண் என்று குறித்து, அங்கேயே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பிறகு நகல் கேட்கும்போது "முக்கியமான பக்கங்கள்" என்று எழுதாமல், பக்க எண்களைப் போட்டுக் கேளுங்கள்.

படி 7: கிடைத்ததை எங்கே கொண்டுபோவது

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 தண்ணீர் தினக் கூட்டம் ஆலையின் தண்ணீர்க் கணக்கை வாசிக்கப் பொருத்தமான நாள். தீர்மானமாக நிறைவேற்றி நகல் வாங்குங்கள். கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நிலம், தண்ணீர் சம்பந்தப்பட்டதை எழுப்பலாம்.

எம்எல்ஏவிடம் போகும்போது வெறும் கோரிக்கையோடு போகாமல், சட்டமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வியைத் தட்டச்சு செய்து கொண்டுபோங்கள். தொழில் துறை மானியக் கோரிக்கை வருவதற்குச் சில வாரம் முன்பு போனால் பயன் உண்டு. எதிர்க்கட்சியில் இருக்கும்போது முதலீடுகளைப் பற்றி வெள்ளை அறிக்கை கேட்காத பெரிய கட்சி தமிழ்நாட்டில் இல்லை. ஆளுங்கட்சி ஆனதும் அந்தக் கோரிக்கையைப் பற்றிப் பேசுவதில்லை. எந்தக் கட்சி எம்எல்ஏவானாலும், அவருடைய கட்சி முன்பு கேட்டதையே நினைவுபடுத்துங்கள். அமைச்சர் அவையில் உறுதி கொடுத்தால், அதைத் தொடர்ந்து கவனிக்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. சிப்காட், டிட்கோ கணக்குகள் இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் வரம்புக்குள் வருகின்றன. ஒப்பந்த விலையும் பத்திர விலையும் பொருந்தாமல் ஆவணம் கிடைத்தால், நகலோடு சென்னையிலுள்ள முதன்மைத் தணிக்கை அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

சலுகைகள் பல ஆண்டுக்கு நீள்வதால் ஒரு மனுவோடு இது முடியாது. படி 4-இன் ஈ, உ, ஊ மூன்றையும் மட்டும் தனித் தாளில் எடுத்து, ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்ததும் சிப்காட்டுக்குத் திரும்பப் போடுங்கள். பதிலில் வரும் தொகையை ஒரு பத்தியிலும், அந்த மார்ச் மாதத்துக்கு வைப்பு நிதித் தளம் காட்டும் ஆட்களின் எண்ணிக்கையை அடுத்த பத்தியிலும், ஒப்பந்தத்தில் அந்த ஆண்டுக்குச் சொன்ன வேலை எண்ணிக்கையை மூன்றாவது பத்தியிலும் எழுதி, பஞ்சாயத்து அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த நிறுவனத்தோடு பேச்சு நடக்கும்போது ஊர் சார்பில் முன்வைக்க அந்த ஒரு தாள் இருக்கும்.